வகிடு நிறைய

புதன்கிழமை காலை ஹாபுல்தா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. எங்கள் பேட்டைக் கிளப்பின் செயலாளர் அவர்; ஹாபுல் அண்ணன் என்பதைத்தான் ஹாபுல்தா என்போம். துர்கா பூஜைச் சந்தாவுக்கு வரும்போதெல்லாம் தெருவில் நின்றபடியே என் பெயரைச் சொல்லிக் கத்துவார். அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே விஷயம் சின்னதில்லை என்று தெரிந்தது.

"டீ வேணாம். சர்க்கரை ஏறிப்போச்சு," என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "ஜினுக், என் மானம் உன் கையிலதான் இருக்கு."

"என்ன ஆச்சு ஹாபுல்தா?"

"என்ன ஆச்சா? மீன் வாங்கப் போனா மீன்காரன் கேக்கறான், 'வாங்க புரோகிதரே, தட்சிணையா வேட்டி கொடுத்தாங்களா, புடவையா?' முடி வெட்டப் போனா அங்க ஒருத்தன், 'என் மச்சினிக்கும் நல்ல எடமாப் பாருங்க, பொண்ணா இருந்தாலும் பரவால்ல'ங்கறான். முப்பது வருஷமா பூஜை நடத்தறேன். ஒரு பய என்னப் பாத்துச் சிரிச்சதில்ல."

நான் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டேன்.

போன வாரம் என் படத்தின் இரண்டு நிமிட முன்னோட்டத்தை வெளியிட்டிருந்தேன். எங்கள் ஊர் பராநகரில் அதைப் பார்க்காத கைப்பேசி இல்லை என்று ஆகிவிட்டது. அதில் இரண்டு பெண்கள் அம்மன் முன்னால் நிற்கிறார்கள். ஒருத்தி மற்றவள் வகிட்டில் குங்குமம் வைக்கிறாள். பின்னால் ஒலிபெருக்கியில் ஹாபுல்தாவின் குரல்: "கூச்சப்படாதீங்கம்மா! வகிடு நிறைய வைங்க! ஆ, அப்படித்தான். நல்லா இருங்க, நல்லா இருங்க!"

பதினொரு நொடி. எங்கள் வங்காளிக் கல்யாணங்களில் எத்தனை மந்திரம் சொன்னாலும் வகிட்டில் குங்குமம் ஏறுகிற அந்தக் கணம்தான் கல்யாணம். அதற்கு மேல் ஒரு பெரியவர் வாழ்த்தினால் பிறகு என்ன மிச்சம்? பேட்டை அவரைப் புரோகிதர் என்று கூப்பிட்டதில் தர்க்கப்படி தவறே இல்லை.

அவர் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தட்டச்சு செய்திருந்தது. மூன்றே வரி. இப்படத்தில் வரும் சிந்தூர விளையாட்டு, விஜயதசமி அன்று நம் தாய்மார்கள் காலங்காலமாக நடத்திவரும் சடங்கே ஆகும். அதற்கு வேறு எந்தப் பொருளும் இல்லை. இதைப் படத்தின் தொடக்கத்திலும் காட்ட ஒப்புக்கொள்கிறேன்.

"காட்சிய வெட்டச் சொல்லலியே நான்," என்றார். "மத்தவங்க வெட்டணும்னாங்க. நான்தான், பாவம், நம்ம பொண்ணு, நாலு வருஷம் நாயா அலைஞ்சு எடுத்திருக்குன்னு சொன்னேன். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். தியேட்டர் சாதுகான்பாபுகிட்டயும் சொல்லிட்டேன். கடுதாசி வந்தாத்தான் ஞாயித்துக்கிழம ஹாலத் திறப்பாரு."

அவர் போன பிறகு அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நியாயமான மனிதர். அதுதான் கஷ்டமாக இருந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு சாதுகான்பாபுவின் பழைய தியேட்டரில் படம். எழுபத்தோரு நிமிடம். ஒரு பள்ளிக்கூட குமாஸ்தாவும் ஒரு தையல்காரியும் ஒருத்தியை ஒருத்தி நேசிக்கிறார்கள், சேர்ந்து வாழ்கிறார்கள், குழாய்த் தண்ணீருக்குச் சண்டை போடுகிறார்கள். யாரும் சாவதில்லை. வெளிநாட்டில் மூன்று ஊர்களில் காட்டியாகிவிட்டது. அங்கெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கும் என் வீட்டு வாசல் தெரியாது. இங்கே காட்டினால்தான் காட்டியதாக ஆகும் என்று எனக்குள் ஏதோ ஒன்று பிடிவாதம் பிடித்தது.

அந்தக் காட்சியை நான் எழுதிய விதத்திலேயே ஒரு கள்ளத்தனம் இருந்தது. விஜயதசமி பிற்பகலில், அம்மனை ஆற்றுக்கு அனுப்பும் முன், கல்யாணமான பெண்கள் அவள் நெற்றியில் குங்குமம் இட்டு, வாயில் இனிப்பு வைத்து, பிறகு ஒருத்தி வகிட்டில் ஒருத்தி வைத்துவிடுவார்கள். கன்னம், கழுத்து, சங்கு வளையல் எல்லாம் சிவந்துபோகும். வருடம் முழுக்கப் புருஷன் வைத்ததாக இருக்கிற அந்த வகிட்டில் அந்த ஒரு பிற்பகல் மட்டும் எவளும் எவளுக்கும் வைக்கலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். என் கதைப் பெண்கள் இருவரும் அந்தக் கூட்டத்தின் நடுவில் கல்யாணம் செய்துகொள்வார்கள். ஊரே பார்க்கும், ஊருக்குத் தெரியாது. இதை எழுதி முடித்த நாள் எனக்கு என் மேலேயே பெருமை தாங்கவில்லை.

நிஜப் பூஜைப் பந்தலில், நிஜக் கூட்டத்தில் எடுக்க ஹாபுல்தாவிடம் அனுமதி கேட்டேன். வங்காளப் பண்பாடு பற்றிய படம் என்றேன். "நம்ம பந்தலக் காட்டப்போறியா? மைக்க நானே பிடிச்சுக்கறேன், எல்லாரையும் ஒழுங்கா நிக்க வைக்கறேன்," என்று உற்சாகமாகிவிட்டார்.

படம் பிடிக்கவேண்டிய விஜயதசமி அன்று மதியம் இரண்டு மணிக்கு அந்தரா தொலைபேசியில் அழைத்தாள். தையல்காரியாக நடித்தவள் அவள்.

"ஜினுக் அக்கா, தப்பா நெனைக்காத. நான் வரல. மாமியார் உன் கதையப் படிச்சுட்டாங்க. மேடையில வச்சா நடிப்பு, அம்மன் முன்னாடி மனசுல அதை நெனச்சுக்கிட்டு ஒருத்திகிட்ட வாங்கினா அது நடிப்பு இல்லங்கறாங்க."

என் கதையைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் வாசகி அந்த மாமியார்தான்.

அன்றைக்கு விட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். கேமரா பிடித்த நஸ்ரீன் வானத்தைப் பார்த்தாள், வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. குமாஸ்தாவாக நடித்த தோர்ஷா அந்தராவின் சிவப்புக் கரைப் புடவையை எடுத்து என் மேல் போட்டாள்.

"கட்டு. முகத்துல கொஞ்சம் சிவப்ப அப்பிக்கிட்டா உன் அப்பனுக்கே அடையாளம் தெரியாது."

தோர்ஷா என்னோடு ஒன்பது வருடமாக இருக்கிறாள். பேட்டைக்கு அவள் என் வீட்டில் வாடகைக்கு இருக்கும் நாடகக்காரி. எனக்கு என்ன என்பதை நான் எந்த மனிதரிடமும் ஒரு வாக்கியமாகச் சொன்னதில்லை. அதற்குத்தான் ஒரு படமே எடுத்தேன் போலிருக்கிறது, அதிலும் வேறு இரண்டு பெயர்களை வைத்து.

கேமரா எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது. எங்கே நிற்பது, எப்போது குனிவது எல்லாம் நான் எழுதியதுதான். தோர்ஷா தாளில் இல்லாத ஒன்றைச் செய்தாள். குங்குமச் செப்பைத் திறந்து விரலில் எடுத்துக்கொண்டு, வைக்காமல் நின்றாள். நான் நிமிர்ந்து அவளைப் பார்க்கும்வரை நின்றாள். வெளியிடத்தில் நான் அவளை நேராகப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தையில், பஸ்ஸில், எப்போதும் அவள் தோளுக்குச் சற்றுத் தள்ளி எதையாவது பார்த்தபடிதான் பேசுவேன். அன்று பார்த்தேன். மேளம் காதைப் பிளந்தது. அந்த நேரத்தில்தான் ஹாபுல்தா, நாங்கள் கேமராவுக்கு வெட்கப்படுகிறோம் என்று நினைத்து, ஒலிபெருக்கியில் எங்களை உற்சாகப்படுத்தினார். வகிடு நிறைய வைங்க.

வைத்தாள்.

வீட்டுக்கு வந்து தலையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வகிட்டின் அடியில் ஒரு இளஞ்சிவப்பு மூன்று நாள் போகாமல் இருந்தது. தலைவலி என்று சொல்லிக்கொண்டு அந்த மூன்று நாளும் வெளியே போகவில்லை. அந்தச் சிவப்பு போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டும், போய்த் தொலையாதா என்று கண்ணாடி பார்த்துக்கொண்டும் இருந்தேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவள் 'அந்த ஷாட்' என்பாள். நான் 'நாற்பத்திரண்டாவது காட்சி' என்பேன்.

படத்தொகுப்பையும் நானே செய்தேன். ஒலிப்பதிவு பார்த்துக்கொடுத்த நண்பர் அந்த ஒலிபெருக்கிக் குரல் தொந்தரவாக இருக்கிறது என்றார். நிஜம் போல இருக்கட்டும் என்றேன். அது பொய். எங்கள் தலைக்கு மேல் யாராவது ஒரு மனிதர் 'நல்லா இருங்க' என்று சொன்னது எனக்கு வேண்டியிருந்தது, அவர் எதற்குச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாவிட்டாலும்.

புதன் மாலை ஒத்திகை முடிந்து வந்த தோர்ஷா, ஒரு கிண்ணத்தில் பொரியும் பச்சை மிளகாயும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்தாள்.

"ஹாபுல்தாவோட மாப்ளதான் எழுதியிருக்கணும். அவருக்கு இவ்வளவு நல்லா எழுத வராது."

"நான் கையெழுத்துப் போட்டுடலாம்னு பாக்கறேன்."

"போடேன்."

"யோசிச்சுப் பாரு. ஒரு ஷாட்டும் போகல. முன்னாடி ஒரு அட்டை வருது, அவ்வளவுதான். பாக்கறவங்களுக்குத் தெரியாதா என்ன? இன்னும் சொல்லப்போனா அந்த அட்டைய வச்சே சிரிப்பாங்க."

"யாரு சிரிப்பாங்க?"

"புரிஞ்சவங்க."

"ம். புரியாதவங்க?" மிளகாயைக் கடித்தாள். "நான் எத்தன படத்துல இந்த மாதிரிப் பொண்ணா நடிச்சிருக்கேன், சொல்லு."

"மூணு."

"ஒண்ணுல ரயில்ல விழுந்து செத்தேன். ஒண்ணுல விஷம். இன்னொண்ணுல பைத்தியம் புடிச்சு, கடைசில டாக்டர கட்டிக்கிட்டேன், அதுக்கு ரயிலே தேவல. உன் படத்துலதான் மொதல் தடவ கடைசி வரைக்கும் சோறு தின்னுக்கிட்டு உயிரோட இருக்கேன். போன வருஷம் பம்பாய்லேர்ந்து ஒருத்தன் வந்தானே, ஒருத்திக்குப் புத்துநோய் வச்சா வாங்கிக்கறேன்னு? அவன என்ன சொல்லி அனுப்பின?"

"அது வேற."

"என்ன வேற? அவன் எங்கள்ல ஒருத்தியக் கொல்லச் சொன்னான். இவரு ரெண்டு பேரும் இல்லவே இல்லன்னு எழுதித் தரச் சொல்றாரு. ஹாபுல்தா நல்லவரு, ரத்தமே வராது."

"ஊருக்குப் பதில் சொல்லப்போறது நீ இல்ல தோர்ஷா. இது என் வீடு, என் தெரு. நாளைக்குப் பால் வாங்க நான்தான் போகணும்."

சொன்னதும் தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது. ஒன்பது வருடமாக அந்தப் பாலை அவள்தான் வாங்கிவருகிறாள்.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கையெழுத்துப் போடு. நான் தடுக்கல. ஆனா எங்கிட்ட பேனா கேக்காத."

இரண்டு நாள் நாங்கள் உப்பு இருக்கிறதா, சாவி எங்கே என்ற அளவில் பேசிக்கொண்டோம். நான் என் தர்க்கத்தை எனக்குள்ளேயே அழகுபடுத்திக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விடுவதுதான் கலை. மறைவில்தான் நுட்பம் இருக்கிறது. இப்படியெல்லாம் நான் பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, எல்லாவற்றுக்கும் அடியில் கதவைச் சாத்திக்கொண்டு தலை கழுவிய ஒருத்தி நின்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ரேபா பௌதி வந்தார். ஹாபுல்தாவின் மனைவி; பௌதி என்றால் அண்ணி. புருஷன்மார் அலுவலகத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்திருந்தார்.

"அவரு அனுப்பல. நானா வந்தேன். அந்தப் படத்துல நானும் இருக்கேனாமே? என் நாத்தனார் பாத்துட்டுச் சொன்னா. எப்படி இருக்கேன், குண்டா இருக்கேனா?"

மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். அந்தச் சட்டகத்தின் ஓரத்தில் அவர் இருப்பது எனக்கு மிக நன்றாகவே தெரியும். இருநூறு தடவை பார்த்திருக்கிறேன். கூட்டம் தள்ளும்போது அவர் எங்கள் பக்கம் முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து மற்றவர்களை நிறுத்துவார். நாங்கள் நின்ற அந்த நான்கு அடி இடம் அவர் ஏற்படுத்திக் கொடுத்தது. அதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார், அரை நொடி.

பௌதி தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன் மூக்குல கொட்டிச்சே. நான் பாத்தேன்," என்றார்.

குங்குமம் வைக்கும்போது மூக்கில் உதிர்ந்தால் புருஷன் ஆசையாக வைத்துக்கொள்வான் என்று எங்கள் கல்யாண வீடுகளில் கேலி செய்வார்கள்.

"அது அந்தரா, பௌதி."

"எவ அந்தரா? உன்னப் பாவாடை சட்டைலேர்ந்து பாக்கறேன், உன் முதுகு எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷமா நான் இந்த வெளையாட்டு வெளையாடறேன். எனக்கும் எத்தனையோ பேர் வச்சிருக்காங்க. எது வெளையாட்டு, எது இல்லன்னு தெரியாமலா இருப்பேன்?"

"அப்ப ஹாபுல்தாகிட்ட..."

"ஏய், என் பேர இழுக்காத. நான் அந்த வீட்டுலதான் இருக்கணும்." முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "என் முகத்த எடுத்துடாத. நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா நான் எதையும் பாக்கல."

அவர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. பௌதி மேல் இல்லை. பார்த்தவள் பார்க்கவில்லை என்கிறாள், செய்தவள் செய்யவில்லை என்று எழுதித் தரப்போகிறாள், வாழ்த்தியவர் வாழ்த்தவில்லை என்கிறார். பட்டப்பகலில், மேளம் கொட்டி, நானூறு பேர் நடுவில் நடந்த ஒன்று இப்படியே ஒவ்வொருவராகக் கை கழுவி நடக்காததாகிவிடும். நாளைக்கு யாராவது ஒரு பெண் அந்தப் படத்தைப் பார்த்து 'அப்படி ஒன்று நடந்ததா?' என்று கேட்டால், என் கையெழுத்தே 'இல்லை' என்று சொல்லும்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கிளப்புக்குப் போனேன். தோர்ஷாவைக் கூப்பிடவில்லை. செருப்பு மாட்டும்போது அவள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

உள்ளே கேரம் பலகையைச் சுற்றி ஐந்தாறு ஆண்கள். ஹாபுல்தா நாற்காலியில், பக்கத்தில் சாதுகான்பாபு. கேரம் காயைக் குறிபார்த்துக்கொண்டிருந்த போல்ட்டு நிமிராமலே, "வந்தாச்சு, பொண்ணு வீட்டுக்காரங்க," என்றான். போல்ட்டுவுக்கு ஐம்பது வயது. இந்தப் பேட்டையின் எல்லாக் கேலியும் அவன் வாயில் பிறந்துதான் வெளியே போகும்.

"சும்மா இரு போல்ட்டு," என்றார் ஹாபுல்தா. "கொண்டுவந்தியா ஜினுக்?"

தாளைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து எங்க?"

"பின்னாடி எழுதியிருக்கேன்."

அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் சாதுகான்பாபு வாங்கி உரக்கப் படித்தார். நான் காலையில் எழுதியது அது. "இந்தக் காட்சியில் குங்குமம் வைப்பவர் தோர்ஷா லாஹிரி. வாங்கிக்கொள்பவர், வேறு யாராகவும் நடிக்காமல், சங்கமித்ரா பாயின். இது வழக்கமான சடங்கு அல்ல." ஜினுக் என்பது கூப்பிடுகிற பெயர்; கீழே அந்த முழுப் பெயரிலேயே என் கையெழுத்து, தேதி.

சாதுகான்பாபு கடைசி வரியில் குரல் தணிந்து, ஏதோ மரணச் செய்தியைப் படித்துவிட்டவர் போலத் தாளை மடியில் வைத்துக்கொண்டார். கேரம் பலகையில் ஒரு காய் சுற்றிக்கொண்டே இருந்து நின்றது.

"அந்தப் பொண்ணு அந்தரா இல்ல?" என்றார் ஹாபுல்தா.

"இல்ல. நான்."

"நீயா?"

"அட, அப்ப நிஜக் கல்யாணமே நடத்தி வச்சுட்டீங்களா புரோகிதரே!" போல்ட்டு வெடித்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஹாபுல்தா சிரிப்பவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது.

"உங்கப்பாவோட சீட்டாடினவன் நான். நம்ம பொண்ணாச்சேன்னு மைக்கப் புடிச்சேன். என்ன ஏமாத்தி ஆசி வாங்கிக்கிட்டியா?"

"ஆமா."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். மறுக்கத் தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் தேவையில்லாமல் போயின.

"ஆமா ஹாபுல்தா. உங்ககிட்ட சொல்லாம உங்க குரலப் படத்துல வச்சது தப்பு. அதுக்கு மன்னிப்பு கேக்கறேன். குங்குமத்துக்குக் கேக்க மாட்டேன்."

"காட்சிய எடுத்துடு."

"மாட்டேன்."

"பேட்டையில இருக்க வேண்டாமா நீ?"

"இருக்கப்போறேன். அவளும் இருக்கப்போறா. அவ வாடகைக்கு இல்ல, ஒரு நாளும் இருந்ததில்ல. இன்னிக்கு எல்லாருக்கும் சேத்துச் சொல்லிட்டேன், இனிமே தெருமுனையில நின்னு ஒவ்வொருத்தருக்கா சொல்ல வேண்டியதில்ல." ஹாபுல்தா பக்கம் திரும்பினேன். "உங்க குரல் உங்களோடது. வேணாம்னா இப்பவே எடுத்துடறேன். மத்தது எங்களோடது."

சாதுகான்பாபு நெளிந்தார். "கடுதாசி இப்படி வந்தா நான் ஹாலத் திறக்கறதா வேணாமா? கிளப்புல மறுப்பு இருக்கா இல்லியா, அதச் சொல்லுங்க."

"என் குரல் இருக்கக் கூடாது," என்றார் ஹாபுல்தா. "அது இல்லேன்னா எனக்கு அதுல சம்பந்தமே இல்ல. சம்பந்தம் இல்லாததுக்கு மறுப்பு என்ன வேண்டிக்கெடக்கு? திறக்கறதுன்னா திறங்க. நான் வர மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் வேலையில் உட்கார்ந்தேன். தோர்ஷா கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்ன எழுதிக் கொடுத்த?"

சொன்னேன். அவள் முகம் எப்படி மாறியது என்பதை எழுத எனக்கு வரவில்லை. "சரிதான்," என்றாள், "முழுப் பேரும் போட்டியா?" என்று கேட்டாள், பிறகு என் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

அந்தக் காட்சிக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மைக், கேமராவில் மாட்டியது. மேளம், சங்கு, ஹாபுல்தா எல்லாம் ஒரே இழையில் பதிந்திருந்தன. அவரை எடுத்தால் எல்லாம் போகும். நஸ்ரீனைக் கேட்டேன். வேறு இடத்திலிருந்து மேளத்தை எடுத்து ஒட்டிவிடு, யாருக்கும் தெரியாது என்றாள். உண்மைதான். ஒட்டியும் பார்த்தேன், அழகாகப் பொருந்தியது. ஆனால் யாருக்கும் தெரியாது என்பதைக் கேட்டாலே எனக்கு இப்போது குமட்டியது. ஒட்டியதை அழித்தேன். பதினொரு நொடி வெறும் மௌனமாக இருந்தது. படத்தின் தொடக்கத்தில், ஹாபுல்தா கேட்ட அட்டை வரவேண்டிய இடத்தில், நான் எழுதிக் கொடுத்த வரிகளைப் போட்டேன்.

ஞாயிறு காலை அரங்கில் முப்பது பேர் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தேன். நூற்றைம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். போல்ட்டு நேற்றே பேட்டை முழுக்கச் சொல்லிவிட்டான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பெரும்பாலும். வேர்க்கடலை உடைக்கும் சத்தம். ரேபா பௌதி வேறு மூன்று பெண்களோடு நடு வரிசையில் இருந்தார், என்னைத் தெரியாதவர் போல. தூரத்திலிருந்து, யாரோடும் ஒட்டாமல், இரண்டு மூன்று இளம் பெண்கள் வந்திருந்தார்கள். ஹாபுல்தா வரவில்லை.

பெயர்கள் வந்ததும் ஒருவன் விசில் அடித்தான். யாரோ எழுந்து போனார்கள், இருக்கை படாரென்று மடங்கியது. தோர்ஷா என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாள். குழாயடிச் சண்டைக்கு எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாட்டுக் காட்சியில் ஒரு பெண்மணி, "ஐயோ, கடுகெண்ணெய் போதாதே," என்று உரக்கச் சொன்னார். ஐம்பது நிமிடம் அப்படி நன்றாகவே போனது.

பிறகு பந்தல் வந்தது. மேளம், சங்கு, சிவந்த முகங்கள். தோர்ஷா செப்பைத் திறந்தாள்.

சத்தம் நின்றது.

உடனே பின் வரிசையிலிருந்து ஒருவர், "சாதுகான்பாபு! சவுண்டு போச்சு!" என்றார். இன்னொருவர் மரக் கைப்பிடியைத் தட்டினார். "சவுண்டு! சவுண்டு!" சிலர் காலால் தரையை உதைத்தார்கள். விசில்கள். தலைகள் எல்லாம் திரையை விட்டுவிட்டு, பின்னால் படம் ஓட்டும் அறையின் ஓட்டையைப் பார்க்கத் திரும்பின. திரையில் அவள் விரல் உயர்ந்துகொண்டிருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை.

நான் எழுந்தேன். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை, எழுந்திருந்தேன். ஒளி என் மேல் விழுந்து, என் தலையின் நிழல் திரையில் என் முதுகுக்குப் பக்கத்திலேயே பெரிதாக விழுந்தது.

"சவுண்டு போகல," என்றேன், அத்தனை சத்தத்துக்கும் மேலே. "நான்தான் எடுத்தேன். திரும்பிப் பாருங்க!"

திரும்பினார்கள்.